நாற்பத்து நான்காவது கை

மாநகராட்சி மன்றப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

போன வாரம் உங்களோடு பேச வந்தபோது பின்வரிசையில் இருந்து ஒரு பெண் எழுந்து, "சார், எந்தப் பார்ட்டி அதிகாரத்துல இருந்தா நமக்கு வேலை ஈஸி?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தக் கேள்வி கூடவே வந்தது. அதற்குப் பதிலாக ஒரு சம்பவத்தைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வெட்கமாக இருந்தது என்பதுதான் உண்மை. ஏனென்றால் அதில் தப்புச் செய்தவன் நான். உங்களில் பாதிப் பேருக்கு என்னைப் போலவே வீட்டில் தமிழ், ஆபீஸில் கன்னடம். அதனால் தமிழிலேயே எழுதுகிறேன்.

தொண்ணூற்றொன்றில் நான் இந்தப் பிரிவுக்கு வந்தேன். அதற்கு முன்னால் ஒரு வார்டு ஆபீஸில் பிறப்பு, இறப்புச் சான்றிதழ் எழுதிக்கொண்டிருந்தேன். அங்கே யாரும் என்னோடு சண்டை போட்டதில்லை. இங்கே வந்த இரண்டாவது மாதமே ஒரு சண்டைக்குக் காரணமானேன். மன்றக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் காகிதங்களை விசிறிவிட்டு வெளியே போனார். நான் கூட்டக் குறிப்பில், "உறுப்பினர் கோபத்துடன் வெளியேறினார்" என்று எழுதினேன். கன்னடத்தில் ஒரே ஒரு கூடுதல் வார்த்தை. அடுத்த கூட்டத்தில் அவர் எழுந்து, "நான் கோபப்பட்டேன் என்று எழுத இவர் யார்? எனக்கு நெஞ்சு எரிச்சல், தண்ணீர் குடிக்கப் போனேன்" என்றார். அவருடைய கட்சிக்காரர்கள் எல்லோரும் எழுந்துகொண்டார்கள். ஒரு வார்த்தைக்காக ஒரு மணி நேரம் போனது. அன்றைக்கு இருந்த வேலைகள் எல்லாம் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போயின. அதிலிருந்து, கண் பார்த்ததை மட்டும் எழுதுவது என்று வைத்துக்கொண்டேன். அந்த வழக்கத்தை ஏழெட்டு வருடம் ஒழுங்காகக் காப்பாற்றினேன். அப்புறம் ஒருநாள் தவறவிட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. மன்றத்தில் ஆளுங்கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் மயிரிழை வித்தியாசம். யாராவது ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் கூட்டத்தைத் தள்ளிவைக்கப் பார்ப்பார்கள். பெண்களுக்கு ஒதுக்கிய இடங்களில் ஜெயித்து நிறையப் பேர் புதிதாக வந்திருந்தார்கள். அதில் ஒருவர் மரகதம். ஸ்ரீராம்புரத்தை ஒட்டிய ஒரு வார்டு. அதற்கு முன் ஊதுபத்திப் பட்டறையில் வேலை. படிப்பு எட்டாவது வரைக்கும், அதுவும் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில். கன்னடம் தண்ணீர் மாதிரிப் பேசுவார். படிப்பதற்குத்தான் எழுத்துக் கூட்ட வேண்டும். ஆளுங்கட்சி அவருக்கு சீட் கொடுத்ததே, சொன்ன இடத்தில் உட்காருவார், சொன்னபோது கை தூக்குவார் என்ற நம்பிக்கையில்தான். அதை அந்தக் கட்சிக்காரர்களே கான்டீனில் சத்தமாகப் பேசிக்கொள்வார்கள்.

அவருடைய வார்டில் மாநகராட்சியின் பிரசவ ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. பத்துப் பன்னிரண்டு கட்டில். சுவரில் காரை உதிர்ந்திருக்கும், ஆனால் நர்சம்மாக்கள் நல்லவர்கள். மரகதத்தின் இரண்டு பிள்ளைகளும் அங்கேதான் பிறந்தார்கள். எங்கள் வீடும் அதே வார்டில்தான்; என் தங்கைக்கும் முதல் பிரசவம் அங்கேதான். அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டுக் கடை வளாகம் கட்டலாம், பிரசவத்துக்கு வருகிறவர்கள் மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகட்டும் என்று ஆளுங்கட்சி ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. தன் உறுப்பினர்கள் எல்லோரும் ஆதரித்தே ஆக வேண்டும் என்று கொறடா உத்தரவும் போட்டது. மீறி எதிர்த்து ஓட்டுப் போட்டால் பதவியே போய்விடும். எதிர்க்கட்சி தீர்மானத்தை எதிர்த்தது.

காரசாரமாகப் பேச்சு நடந்து, கடைசியில் மேயர் ஓட்டுக்கு விட்டார். அப்போதெல்லாம் கை தூக்கித்தான் ஓட்டு. உட்கார்ந்தபடியே கையைத் தூக்கினால் ஓட்டு, எழுந்து நின்றால் பேச அனுமதி கேட்கிறார் என்று அர்த்தம். எண்ணுவது என் வேலை.

ஆதரவுக் கைகளை எண்ணினேன். நாற்பத்து மூன்று. இரண்டு தடவை எண்ணிச் சொன்னேன். பிறகு மேயர் "விரோத" என்றார். எதிர்ப்பவர்கள் கை தூக்க வேண்டும். எதிர்க்கட்சி பெஞ்சுகளில் வரிசையாக எண்ணிக்கொண்டு போனேன். நாற்பத்து மூன்று. சமம். சமம் என்றால் மேயர் தன் ஓட்டைப் போட்டு முடிவு செய்வார். மேயர் ஆளுங்கட்சி. அதற்குள் என் முதுகுக்குப் பின்னாலிருந்து எதிர்க்கட்சித் தலைவர், "நலவத்நால்கு!", அதாவது நாற்பத்து நாலு, என்று கத்தினார். கணீரென்ற குரல். ஒரு கையை விட்டுவிட்டேனோ என்று பதறித் திரும்பினேன். ஆளுங்கட்சிப் பக்கம், மூன்றாவது வரிசையில், ஒரு கை தூக்கியிருந்தது. மரகதத்தின் கை. நான் "நாற்பத்து நான்கு" என்று சொல்லிவிட்டேன்.

தீர்மானம் தோற்றது. எதிர்க்கட்சிக்காரர்கள் மேஜையை உடைத்துவிடுகிற மாதிரி தட்டினார்கள். ஆளுங்கட்சித் தலைவர் திரும்பி மரகதத்தைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. மரகதம் என்ன நடந்தது என்றே புரியாமல் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், அவர் எங்கள் அறைக்கு வந்தார். கையில் ஒரு கவர்.

"அண்ணா, இதக் கொஞ்சம் படிச்சிச் சொல்றீங்களா? பார்ட்டி ஆபீஸ்லருந்து வந்துச்சு."

படித்தேன். கொறடா உத்தரவை மீறியதற்கு ஏன் பதவியைப் பறிக்கக் கூடாது, பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும் என்று இருந்தது. சொன்னேன். அவர் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்தார்.

"நான் ஓட்டே போடலண்ணா. ரெண்டு பக்கமும் போடல. அந்த ஆஸ்பத்திரிய எடுத்துட்டா ராத்திரி வலி எடுத்தா ஆட்டோ கூட வராத சந்துல இருக்கறவங்க எங்க போவாங்கன்னு கேக்கலாம்னு பார்த்தேன். பேப்பர்ல எந்த லைன்னு தேடிட்டே இருந்தேன். அதுக்குள்ள ஓட்டுன்னுட்டாங்க. சரி, இப்பவாச்சும் கேப்போம்னு கைய தூக்கி எந்திரிக்கப் போனேன். எல்லாரும் மேஜையத் தட்டறாங்க."

"நீங்க எழுந்தீங்களா?"

"பாதி எந்திரிச்சேண்ணா. நீங்க என்னத்தான் பார்த்தீங்க."

ஆமாம். நான் பார்த்தேன். ஒரு கையில் காகிதத்தோடு, பெஞ்சிலிருந்து பாதி எழுந்த நிலையில், பேச அனுமதி கேட்கிற முகம். ஏழெட்டு வருடம் அந்த மண்டபத்தில் உட்கார்ந்தவனுக்கு அது தெரியாதா? தெரிந்தும் எண்ணினேன். எண் கிடைத்துவிட்டது, அதற்கு ஒரு கை வேண்டியிருந்தது.

"பாக்கறேம்மா" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அன்றைக்கு டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

தம்பி தங்கைகளே, இந்த இடத்தில் என் மனசு எப்படி இருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. என் தப்பால் ஆஸ்பத்திரி பிழைத்தது. எங்கள் சந்துப் பெண்கள் எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். என் தங்கை எனக்கு மைசூர்பாகு கொண்டுவந்து கொடுத்தாள், என்னவோ நானே காப்பாற்றிய மாதிரி. தப்பைச் சொன்னால் எண்ணிக்கை சமமாகும், மேயர் ஓட்டுப் போடுவார், ஆஸ்பத்திரி போய்விடும். சொல்லாவிட்டால் ஒரு பெண்ணின் பதவி மட்டும் போகும். கணக்குப் போட்டுப் பார்த்தால் சும்மா இருப்பதே நல்லது என்று வந்தது. ஆனால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாக ஓட்டுக் கேட்டு நடந்து ஜெயித்த பெண் அவர். என் சௌகரியத்துக்கு அவரைக் கழித்துவிட எனக்கு யார் உரிமை கொடுத்தது?

மறுநாள் ஆளுங்கட்சித் தலைவர் தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். கதவைச் சாத்தச் சொன்னார். அவருக்குத் தமிழும் வரும்.

"என்ன சார், அந்தம்மா ஓட்டே போடலயாமே? குறிப்பு இன்னும் டைப் ஆகலதானே? நாப்பத்து மூணுன்னு போட்டுடுங்க. முடிஞ்சுது. அந்தம்மாவுக்கும் ஒண்ணும் ஆகாது. உங்க ஜனம்தானே, நீங்களே உதவலன்னா எப்படி?"

அவர் அறையிலிருந்து வெளியே வந்தால், வராந்தாவில் எதிர்க்கட்சித் தலைவர் நிற்கிறார். அவர் கன்னடத்தில், சிரித்த முகமாகவே சொன்னார்: "உள்ளே என்ன பேசினீர்கள் என்று தெரியும். ஒரு நம்பர் மாறினாலும் உங்களை சஸ்பெண்ட் பண்ண வைக்காமல் விடமாட்டேன்."

ஒருவர் கேட்டது உண்மையான எண்ணை, ஆனால் திருட்டு வழியில். இன்னொருவர் காவல் நின்றது பொய்யான எண்ணுக்கு, ஆனால் நியாயம் பேசுகிற தொனியில். இரண்டு பேரும் அவரவர் கட்சிக்கு உழைத்தார்கள். எனக்கு அவர்கள் மேல் இன்றைக்கும் வருத்தம் கிடையாது.

நேராக மன்றச் செயலாளரிடம் போனேன். அந்த அம்மா என்னைவிடப் பத்து வயது இளையவர், மாநில அரசுப் பணியிலிருந்து எங்களுக்கு அனுப்பப்பட்டவர். அதிகம் பேசமாட்டார். நான் மரகதம் சொன்னது, இரண்டு தலைவர்கள் சொன்னது எல்லாவற்றையும் கொட்டினேன். குறிப்பை எப்படி எழுதட்டும் என்று கேட்டேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கன்னடத்தில் ஒன்றே ஒன்று கேட்டார்:

"நாற்பத்து நாலை நீங்கள் எண்ணினீர்களா, கேட்டீர்களா?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. "கேட்டேன் மேடம்" என்றேன்.

"அப்படியானால் குறிப்பில் நீங்கள் அன்றைக்கு அறிவித்த எண்ணே இருக்கட்டும். அறிவித்தது நாற்பத்து நாலுதானே, அதை அழிக்க முடியாது. நடந்த தப்பைத் தனியாக ஒரு கடிதமாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். குறிப்பு உறுதி செய்ய வரும்போது மன்றத்திலேயே படிக்கிறேன். உங்கள் சர்வீஸ் புத்தகத்தில் ஏறும். யோசித்துக்கொள்ளுங்கள்."

யோசிக்க ஒன்றுமில்லை என்று சொன்னால் பொய். மத்தியானம் முழுக்க யோசித்தேன். நாலு மணிக்கு எழுதினேன். எட்டு வரி. யாருடைய குரல் என்று எழுதவில்லை. "பின்னாலிருந்து வந்த குரலைக் கேட்டு, எழ முயன்ற உறுப்பினரின் கையைத் தவறாக ஓட்டாக எண்ணினேன்" என்று எழுதினேன்.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு மரகதம் விஷயம் கேள்விப்பட்டு ஓடிவந்தார். முதலில் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு அவருக்கே மற்றது உறைத்தது. முகம் மாறிவிட்டது.

"அப்ப ஆஸ்பத்திரி போயிடுமாண்ணா?"

"தெரியலம்மா. மேயர் தன் ஓட்டப் போட்டு முடிச்சாலும் முடிக்கலாம். மறுபடி ஓட்டு வச்சாலும் வைக்கலாம்."

"மறுபடி வச்சா நான் எந்தப் பக்கம் போடணும்?"

எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. என் தங்கை, எங்கள் சந்து, எல்லாம் வந்தது. "அத நான் சொல்லக் கூடாதும்மா. நான் எண்ணறவன்" என்றேன்.

அவருக்குக் கோபம். "நல்லா இருக்குண்ணா உங்க நாயம். மாட்டி விட்டதும் நீங்க, இப்ப ஒதுங்கறதும் நீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அதில் தப்பு ஒன்றும் இல்லை.

கூட்ட நாள். செயலாளர் என் கடிதத்தைப் படித்தார். இரண்டாவது வரிக்கே மண்டபம் கொதிக்க ஆரம்பித்தது. எதிர்க்கட்சியினர் மேயர் மேடைக்கு முன்னால் வந்துவிட்டார்கள். ஆளுங்கட்சியினர் பதிலுக்குக் கத்தினார்கள். யாரோ ஒருவர், "தமிழன் தமிழச்சிக்காக நம்பரை மாற்றுகிறான்!" என்றார். அந்த ஊரிலேயே பிறந்து, அந்த ஊர் மொழியில் அத்தனை வருடம் எழுதிய பிறகும் அந்தச் சொல் சுட்டது.

அப்போது எதிர்க்கட்சியிலேயே மூத்த உறுப்பினர் ஒருவர், மார்க்கெட் வார்டுக்காரர், எழுந்தார். தன் ஆட்களைப் பார்த்தே சொன்னார்: "உட்காருங்களப்பா. இந்த மனுஷன் நம்பரை மாற்றவில்லை, தன் தப்பை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். நம்மில் யாராவது ஒருத்தர் அப்படி எழுதியிருக்கிறோமா? பேர் சொல்லிக் கூப்பிட்டு மறுபடி ஓட்டு வையுங்கள். கையும் வேண்டாம், சந்தேகமும் வேண்டாம்."

ஆளுங்கட்சித் தலைவருக்கு இது பிடிக்கவில்லை. மேயர் ஓட்டால் சத்தமில்லாமல் முடியும் என்று பார்த்தவர் அவர். ஆனால் மறுத்தால் பயந்த மாதிரி ஆகிவிடும். தலையாட்டினார். மேயர் ஒப்புக்கொண்டார். எண்ண என்னை விடக் கூடாது என்று ஒரு குரல் எழுந்தது. செயலாளர், "பெயரை நான் படிக்கிறேன். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுவார்" என்றார், குரலை உயர்த்தாமல். அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

வார்டு வரிசைப்படி பெயர்கள் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொருவரும் எழுந்து பதில் சொன்னார்கள். நான் தலை நிமிராமல் எழுதினேன். மரகதத்தின் பெயர் வந்தது. பதில் இல்லை. செயலாளர் இரண்டாம் முறை படித்தார். நிமிர்ந்து பார்த்தேன். மரகதம் எழுந்து நின்றிருந்தார். இந்தத் தடவை முழுதாக. முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, தன் தலைவரைப் பார்க்காமல், மேயரைப் பார்த்துச் சொன்னார்:

"விரோத."

சொல்லிவிட்டு உட்காரவில்லை. "என் ரெண்டு பிள்ளைகளும் அங்கே பிறந்தவர்கள்" என்று கன்னடத்தில் ஒரு வரி சேர்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

செயலாளர் அடுத்த பெயர்களைப் படித்தார். ஏழெட்டுப் பெயர் தாண்டி, ஆளுங்கட்சியில் இன்னொரு புதுப் பெண் உறுப்பினர் எழுந்து, மெல்லிய குரலில் "விரோத" என்றார். இன்னும் கொஞ்சம் தள்ளி மூன்றாவதாக ஒருவர். அவர்கள் மூன்று பேரும் முன்கூட்டிப் பேசிவைத்துக்கொண்டதாக ஆளுங்கட்சித் தலைவர் கடைசி வரை நம்பினார். இல்லை என்று எனக்கு அந்தப் பெண்களே பின்னால் சொன்னார்கள். ஒருத்தி நின்றதைப் பார்த்து மற்றவர்களுக்குத் தைரியம் வந்தது, அவ்வளவுதான்.

தீர்மானம் தோற்றது. இந்த முறை ஐந்து ஓட்டு வித்தியாசம்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. மூன்று பேரையும் நீக்கினால் ஆளுங்கட்சிக்குப் பெரும்பான்மை போய்விடும். அடுத்த மேயர் தேர்தலுக்குச் சில மாதங்கள்தான். தயாரான நோட்டீஸ்கள் அலமாரிக்குள் போயின. தலைவர் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு, "எங்கள் பெண் உறுப்பினர்களை மனசாட்சிப்படி ஓட்டுப் போடச் சொன்னதே நாங்கள்தான்" என்று சொன்னார். மரகதத்துக்குப் பொன்னாடை கூடப் போர்த்தினார். ஓரிரு வருடம் கழித்து எதிர்க்கட்சி அதிகாரத்துக்கு வந்தது. அவர்களும் அதே கட்டடத்துக்கு வேறொரு பெயரில் ஒரு திட்டம் கொண்டுவரப் பார்த்தார்கள். மரகதத்தின் வார்டுப் பெண்கள் கூட்டமாக வந்து வாசலில் உட்கார்ந்ததும் அது அஜெண்டாவிலிருந்தே காணாமல் போனது.

எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. பதில் எழுதினேன். கண்டனம் என்று ஒரு வரி சர்வீஸ் புத்தகத்தில் ஏறியது. ஓய்வு பெறும் நாளில் அந்தப் புத்தகத்தைப் புரட்டிய இளம் அதிகாரி, "சார், உங்கள் பேரில் ஒரு கண்டனம் இருக்கிறதே?" என்று ஆச்சரியப்பட்டார். "ஆமாம், சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள்" என்றேன். அந்த வரியை நினைத்து நான் ஒருநாளும் வருந்தியதில்லை. அன்றைக்குப் பிறகு எந்தக் கட்சிக்காரரும் என்னிடம் எண்ணை மாற்றச் சொல்லி வரவில்லை. அது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது உங்களுக்குப் போகப் போகத் தெரியும்.

மண்டபத்தில் உங்களுக்குப் பின்னால் எப்போதும் ஒரு குரல் இருக்கும். சில நாள் அது உங்களுக்குப் பிடித்த பக்கத்துக் குரலாகவும் இருக்கும். அதைக் கேட்டுக்கொண்டே எண்ணுங்கள், ஆனால் கைகளை எண்ணுங்கள். தப்பினால், யாராவது கண்டுபிடிக்கும் வரை காத்திருக்காதீர்கள். உங்கள் தப்பை மறைத்தால் யாருக்கோ நல்லது நடக்கும் என்று தோன்றும். அந்த நல்லதைச் செய்ய மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வழிவிடுவதே நம் வேலை.

அந்த இரண்டாவது ஓட்டு நடந்து ஒரு வாரம் கழித்து, குறிப்பு டைப் ஆகி வந்த அன்று, மரகதம் எங்கள் அறைக்கு வந்தார். கோபமெல்லாம் போயிருந்தது. எதிரே உட்கார்ந்தார்.

"அண்ணா, நான் சொன்னத எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேம்மா."

"எங்க, படிங்க."

பக்கத்தைத் தேடி எடுத்துப் படித்தேன். வார்டு எண், திருமதி மரகதம், விரோத. அவர் என் பக்கம் குனிந்து, அந்த வரியில் விரலை வைத்துத் தன் பெயரை எழுத்துக் கூட்டிப் பார்த்தார். பக்கத்தில் இருந்த அந்த ஒற்றைச் சொல்லையும் கூட்டினார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"இன்னொரு வாட்டி படிங்கண்ணா. கொஞ்சம் சத்தமா."

படித்தேன்.